குய்ச்சோவில் மெழுகுச் சாயம் கற்கப் போகிறீர்களா? விமான டிக்கெட்டை முதலில் எடுக்காதீர்கள்

முதல் முறை சீனாவின் குய்ச்சோ மாகாணத்துக்குப் போய்வந்தபோது என் பெட்டியில் பாதி நனைந்த ஒரு துணி இருந்தது. மியாவ் என்ற இனக்குழுப் பெண்களிடம் உட்கார்ந்து நானே மெழுகால் கோலம் வரைந்த துணி; சாயத்தில் முக்கினால் மெழுகு பட்ட இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். இரண்டு முறைதான் சாயத்தில் முக்க முடிந்தது, அதற்குள் கிளம்பும் நாள் வந்துவிட்டது. மெழுகை எடுக்க நேரமில்லாமல் அப்படியே மடித்துக் கொண்டுவந்து, அம்மாவின் இட்லிக் குண்டானில் போட்டுக் கொதிக்க வைத்தேன். துணி வெளிறிய நீலத்தில் வந்தது. குண்டான் இன்றுவரை சமையலுக்குத் திரும்பவில்லை.

தப்பு என்னுடையதுதான். மலிவாகக் கிடைத்ததென்று பணம் திரும்பாத டிக்கெட்டை எடுத்துவிட்டு, மிஞ்சிய நான்கு நாட்களுக்குள் கைவேலையைத் திணிக்கப் பார்த்தேன். மறுமுறை வரிசையை மாற்றினேன்: முதலில் வேலைக்கான நாட்கள், பிறகு திருவிழாத் தேதி, கடைசியில்தான் டிக்கெட். அந்த வரிசையில்தான் இதையும் எழுதியிருக்கிறேன்.

1. எந்தக் கலைக்கு எந்த ஊர்

சீன அரசு 56 இனக்குழுக்களை அங்கீகரித்திருக்கிறது. அவற்றில் மியாவ், தோங் என்ற இரண்டின் கைவேலையையும் பாட்டையும் பார்க்க வேண்டுமென்றால் குய்ச்சோவின் தென்கிழக்கு மூலைக்குப் போக வேண்டும். அந்தத் தென்கிழக்குப் பகுதியின் தலைநகர் காய்லி. எல்லாரும் காய்லியில் இறங்கி, அங்கிருந்து சீஜியாங் என்ற பெரிய மியாவ் கிராமத்துக்குப் போய், மலைச்சரிவில் அடுக்கிவைத்த மரவீடுகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்புவார்கள். சீஜியாங் அழகான ஊர்தான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வாசலில் நூறு யுவானை ஒட்டி நுழைவுக் கட்டணம், உள்ளே தெரு முழுக்க வாடகை உடை, மேடையில் குறித்த நேரத்துக்கு ஆட்டம். கற்றுக்கொள்ள வந்தவருக்கு அங்கே ஒரு மாலை போதும்.

மெழுகுச் சாயத்துக்கு, சீனத்தில் லா-ரானுக்கு, தான்சாய் மாவட்டம். 2006-இல் சீன அரசு வெளியிட்ட முதல் தேசியப் பாரம்பரியப் பட்டியலிலேயே தான்சாயின் மியாவ் லா-ரான் இடம்பெற்றது. அந்த மாவட்டத்தின் பாய்மோ கிராமத்தில் வீட்டுக்கு வீடு மெழுகுக் கத்தி இருக்கும். மரப்பட்டையிலிருந்து கையால் காகிதம் செய்வதைப் பார்க்க அதே மாவட்டத்தில் ஷிச்சியாவ் கிராமம். வெள்ளி வேலைக்கு லேய்ஷான் மாவட்டத்தின் கோங்பாய், தாய்ஜியாங் மாவட்டத்தின் ஷிதோங். தோங் மக்களின் பாட்டுக்குச் சாவ்ஷிங்; ஐந்து முரசுக் கோபுரங்கள் கொண்ட ஊர். நடத்துநரும் பக்கவாத்தியமும் இல்லாமல் பல குரல்கள் பிரிந்து சேரும் தோங் பெரும்பாட்டு 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இந்த ஐந்து ஊரையும் ஒரே பயணத்தில் அடக்க நினைக்காதீர்கள். மலைச் சாலையில் வரைபடம் சொல்லும் நேரத்தை அப்படியே நம்ப முடியாது. ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள், இன்னொன்றைப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் கற்றது மெழுகுச் சாயம், பார்த்தது வெள்ளி வேலை. கீழே சொல்லப்போவது பெரும்பாலும் தான்சாய்க் கணக்கு.

2. நாட்களைச் சாயத்தொட்டியிடம் கேளுங்கள்

சுற்றுலாக் கிராமங்களில் ஒரு மணி நேரத்தில் கைக்குட்டை செய்து கொடுத்துவிடுவார்கள். நீங்கள் நாலு கோடு போட்டதும் துணியை வாங்கிக்கொண்டு, ஏற்கெனவே சாயம் ஏறி உலர்ந்த வேறொன்றைக் கையில் தரும் கடைகளும் உண்டு. குழந்தைகளோடு போனால் அதுவும் நல்ல பொழுதுதான். வேலையை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பருத்தித் துணிக்கு முதலில் கிழங்குக் கஞ்சி போட்டு, காய்ந்ததும் மாட்டுக்கொம்பால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். இது பெரும்பாலும் நீங்கள் போவதற்கு முன்பே முடிந்திருக்கும். பிறகு மெழுகு. தேன்மெழுகை உருக்கி, மெழுகுக் கத்தியால் தொட்டு வரைய வேண்டும். பேர்தான் கத்தி. மெல்லிய செப்புத் தகடுகள் சிலவற்றை அடுக்கி மூங்கில் பிடியில் கட்டியிருப்பார்கள், தகடுகளுக்கு நடுவில் மெழுகு தேங்கி நிற்கும். மெழுகு ஆறினால் துணிக்குள் இறங்காமல் மேலே உட்காரும். சூடு அதிகமானால் பரவிக் கோடு தடித்துவிடும். சூட்டைக் கை பழகவே எனக்கு முதல் நாள் முழுதும் போயிற்று. பென்சில் கோடு கிடையாது, அளவுகோல் கிடையாது. நம் வீட்டு வாசலில் புள்ளி வைத்துப் பழகிய கைக்கு இது கொஞ்சம் சீக்கிரம் பிடிபடும் என்று நினைத்துத்தான் போனேன். பிடிபடவில்லை. கோலத்தில் மாவு நம் விரலுக்கு அடங்கி நடக்கும், இங்கே மெழுகு சொல்கிறபடி நாம் நடக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படும் சுருள்வடிவத்துக்கு வோத்தோ என்று பெயர். பெண்களின் மேல்சட்டைத் தோளிலும் கையிலும் அதுதான் இருக்கும். முதல் நாளே அதை வரைய ஆசைப்படாதீர்கள், சுருள் உள்ளே போகப்போகக் கை நடுங்கும். மீனும் பறவையும் தப்பை மன்னிக்கும்.

அடுத்தது சாயம். தொட்டியில் இருப்பது நீலம் இல்லை, பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு நிறம். துணியை முக்கிக் கொஞ்ச நேரம் விட்டு வெளியே எடுத்தால், காற்றுப் பட்டதும் கண்முன்னே பச்சை நீலமாகும். ஒரு முக்கலுக்கு வெளிர்நீலம்தான் கிடைக்கும். அந்த ஊர்க்காரர்கள் உடுத்தும் கருநீலத்துக்குப் பல முறை முக்கிக் காற்றாட விட்டு மீண்டும் முக்க வேண்டும், நாள் கணக்காக. இந்தச் சாயத்தைத் தரும் செடி நம் அவுரி இல்லை. குறிஞ்சிச் செடியின் பேரினத்தைச் சேர்ந்தது. மூணாறு மலையில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கிறதே, அதற்குச் சொந்தக்காரச் செடி. இதைத் தெரிந்துகொண்ட பிறகு தொட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் ஏதோ உறவுக்காரர் வீட்டுக்குப் போவதுபோல் இருந்தது.

தொட்டி உயிருள்ள பண்டம் என்பதை நினைவில் வையுங்கள். சாயச் சேற்றோடு சாம்பல் நீரும் அரிசிச் சாராயமும் சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். நுரையையும் நிறத்தையும் பார்த்தே இன்று வேலை செய்யும், செய்யாது என்று சொல்லிவிடுவார்கள். குளிர்காலத்தில் அது மந்தமாகும். நான் முதல் முறை போன டிசம்பரில், 'இன்று தொட்டி தூங்குகிறது, நாளைக்கு வா' என்ற பொருளில் அந்த அம்மா சைகை காட்டினார். அந்த ஒரு நாள்தான் என் கணக்கைக் கவிழ்த்தது.

கடைசியாகக் கொதிநீரில் மெழுகை எடுத்து, அலசி, உலர்த்த வேண்டும். 'வானத்தில் மூன்று நாள் வெயில் சேர்ந்தாற்போல் இருக்காது' என்று குய்ச்சோவைப் பற்றிச் சீனத்தில் ஒரு சொலவடையே உண்டு. ஆகவே உலர்வதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

ஆக, கைக்குட்டை அளவுக்கு முழு இரண்டு நாள். மேசை விரிப்பு அளவில் கருநீலம் வேண்டுமென்றால் நான்கு வேலை நாளும், அதற்கு மேல் ஒரு நாள் கையிருப்பும் வேண்டும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தொட்டி நன்றாக வேலை செய்யும்.

3. திருவிழாத் தேதியைச் சந்திர மாதத்தில் தேடுங்கள்

மியாவ் திருவிழாக்கள் சீனச் சந்திர நாட்காட்டிப்படி நடப்பவை. ஷிதோங்கிலும் தாய்ஜியாங்கிலும் நடக்கும் சகோதரியர் சோற்றுத் திருவிழா மூன்றாம் மாதம் 15-ஆம் நாளை ஒட்டி வரும். நம் கணக்கில் பெரும்பாலும் ஏப்ரல், சில வருடம் மே தொடக்கம். பல நிறச் சோறு சமைத்து, பெண்கள் கிலோக் கணக்கில் வெள்ளி அணிந்து ஆடுவார்கள். அதே ஷிதோங் ஆற்றில் ஐந்தாம் மாதம் 24-ஆம் நாளிலிருந்து மரநாகப் படகுப் போட்டி. லேய்ஷான் பக்கத்து மியாவ் புத்தாண்டு பத்தாம் மாதம்.

பொறி இதுதான்: 'மூன்றாம் மாதம்' என்று படித்துவிட்டு மார்ச்சில் போய் இறங்குவது. ரயிலில் சந்தித்த ஒருவர் அப்படித்தான் வெற்றுத் திடலைப் படமெடுத்து வைத்திருந்தார். இன்னொன்று, திருவிழா நாளில் உங்களுக்குக் கற்றுத்தர யாரும் உட்காரமாட்டார்கள். வேலையைத் திருவிழாவுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அக்டோபர் 1 முதல் 7 வரை, மே 1-ஐ ஒட்டிய விடுமுறை, சீனப் புத்தாண்டு வாரம், இந்த மூன்றும் ஆகாது. ரயில் கிடைக்காது, அறை வாடகை இரண்டு மூன்று மடங்காகும்.

திருவிழா வாய்க்காவிட்டால் சந்தைக்குப் போங்கள். கிராமச் சந்தைகள் ஐந்து, ஆறு, ஏழு நாளுக்கு ஒருமுறை சுழலும். பன்னிரண்டு விலங்குப் பெயர் கொண்ட நாட்களை வைத்து எண்ணும் வழக்கம் இருந்ததால்தான் அந்த மாகாணம் முழுக்க 'மாட்டுச்சந்தை', 'குதிரைச்சந்தை' என்று ஊர்ப்பெயர்கள். 'அடுத்த கான்-சாங் எந்த நாள்?' என்று விடுதியில் கேட்டால் சொல்வார்கள். வண்ண நூல், சாயச் சேறு, நெய்த துணி எல்லாம் உள்ளூர் விலையில் அங்கேதான் கிடைக்கும்.

4. விசா

சிங்கப்பூர், மலேசியா கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும்.

சென்னையில் சீனத் தூதரக அலுவலகம் இல்லை. தமிழ்நாட்டுக்காரர்களின் கடவுச்சீட்டு டெல்லிக்குப் போய்த் திரும்புகிறது, அதனால் பலரும் முகவர் வழியாகவே அனுப்புகிறோம். முதலில் படிவத்தை ஆன்லைனில் நிரப்பி ஆவணங்களை ஏற்ற வேண்டும். அங்கே பார்த்துச் சரி என்ற பிறகுதான் கடவுச்சீட்டை அனுப்ப வேண்டும். நான் திரட்டியவை:

- ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியும் வெற்றுப் பக்கங்களும் உள்ள கடவுச்சீட்டு, பழைய கடவுச்சீட்டும் சேர்த்து
- வெள்ளைப் பின்னணியில் 33-க்கு 48 மில்லிமீட்டர் புகைப்படம்
- ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், முத்திரையோடு
- வருமான வரித் தாக்கல் நகல்
- வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம்
- போக வர விமான முன்பதிவு, எல்லா இரவுக்கும் விடுதி முன்பதிவு, நாள்வாரிப் பயணத் திட்டம்

ஸ்டுடியோவில் 'விசா போட்டோ' என்று மட்டும் சொன்னால் அமெரிக்க அளவில் சதுரமாக எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அளவை எழுதிக் காட்டுங்கள். என் படம் இரண்டு முறை திரும்பிவந்தது, இரண்டாம் முறை காது மறைந்திருக்கிறதென்று.

விமான முன்பதிவு என்றால் பணம் கட்டிய டிக்கெட் என்று அர்த்தமில்லை. பிடித்துவைக்கும் முன்பதிவோ ரத்து செய்யக்கூடியதோ போதும். விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பாத எதையும் வாங்காதீர்கள்.

பயண நோக்கத்தில் சுற்றுலா என்று போட்டு, திட்டத்தில் 'தான்சாயில் கைவினை அனுபவம்' என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன், பிரச்சினை வரவில்லை. ஒரு நிறுவனத்தில் சேர்ந்து முறையாகப் படிப்பது வேறு, அதற்கு மாணவர் விசா. பத்திரிகைக்கோ தொலைக்காட்சிக்கோ படமெடுக்கப் போவது வேறு, அதற்கு ஊடக விசா. சுற்றுலா விசாவில் போய்ப் பெரிய கேமராவோடு பேட்டி எடுக்க ஆரம்பித்தால் கேள்வி வரும்.

எல்லாம் சேர்த்து மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முகவர் 'ஒரு வாரத்தில் வந்துவிடும்' என்பார். வரலாம். ஆனால் ஒரு காகிதம் குறைந்தால் முழு வாரம் போகும்.

5. போனும் பணமும், கிளம்புவதற்கு முன்பே

சீனாவில் இறங்கிய பிறகு செய்துகொள்ளலாம் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். வாட்ஸ்அப், கூகுள், யூட்யூப் எதுவும் அங்கே சாதாரண இணைப்பில் திறக்காது. ஊரிலேயே ரோமிங் போட்டுக்கொண்டு போனால் நம் நாட்டு இணைப்பு வழியாக வேலை செய்யும். மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை இணையமில்லாமல் இயங்கும்படி முன்பே இறக்கிவையுங்கள். மலைக்கிராமத்துப் பாட்டிகள் பேசுவது மியாவ் மொழி, எந்தச் செயலிக்கும் பிடிபடாது. பேத்தியை வைத்துத்தான் பேச வேண்டும்.

அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியை இங்கேயே நிறுவி, கடவுச்சீட்டைக் காட்டி உறுதிசெய்து, விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணையுங்கள். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட மறக்காதீர்கள். அந்தப் பொத்தானை மறந்து விமான நிலையத்தில் தண்ணீர் பாட்டில் வாங்க முடியாமல் நின்றவன் நான். 200 யுவான் வரை ஒரு பரிமாற்றத்துக்குக் கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனால் 3 சதவீதம் பிடிப்பார்கள். உங்கள் வங்கி எடுப்பது தனி. கிராமத்து வயதானவர்களுக்காக 1,000 யுவானாவது ரொக்கமாக, சில்லறை நோட்டுகளாக வைத்திருங்கள்.

போகும் ஊர்கள், விடுதி, பட்டறை எல்லாவற்றின் பெயரையும் சீன எழுத்தில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். நாம் உச்சரிக்கிற 'தான்சாய்' வண்டி ஓட்டுபவருக்கு எந்த ஊராகக் கேட்கும் என்று சொல்ல முடியாது.

6. போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து கோலாலம்பூர், பாங்காக் அல்லது சிங்கப்பூரில் மாறிக் குவாங்சோ. அங்கிருந்து அதிவேக ரயில். தான்சாய்க்குப் போகிறவர்கள் காய்லிக்கே போக வேண்டியதில்லை. குவாங்சோ தெற்கு நிலையத்தில் ஏறித் தூயுன் கிழக்கில் இறங்கினால் அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தான்சாய். இதை நான் இரண்டாம் பயணத்தில்தான் கண்டுபிடித்தேன். காய்லியே வேண்டுமென்றால் மாகாணத் தலைநகர் குய்யாங் வடக்கிலிருந்து முக்கால் மணிக்கும் குறைவு, 60 யுவான் அளவில்.

ரயில் டிக்கெட் 15 நாளுக்கு முன்புதான் திறக்கும். கடவுச்சீட்டு எண்தான் டிக்கெட், காகிதம் தேவையில்லை. தானியங்கிக் கதவு நம் கடவுச்சீட்டைப் படிக்காமல் போகலாம், ஆள் நிற்கும் ஓரத்து வழிக்குப் போங்கள்.

நிலையப் பெயரில் இருக்கிறது பொறி. 'காய்லி' பழைய ரயில் நிலையம், 'காய்லி தெற்கு' அதிவேக நிலையம், நகரத்துக்கு வெளியே. 'சோங்ஜியாங்' நிலையம் சோங்ஜியாங் ஊரில் இல்லை. சாவ்ஷிங் கிராமத்துக்குத்தான் அது பக்கம். சாவ்ஷிங் போகிறவர்களுக்கு அதிர்ஷ்டம், ஊருக்குப் போகிறவர்களுக்கு அலைச்சல்.

7. யார் வீட்டில் தங்கினாலும் 24 மணி நேரம்

வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவாக வேண்டும். விடுதி என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். கைவினைக்காரர் வீட்டில் தங்கினால் அது உங்கள் பொறுப்பும் அவர் பொறுப்பும். 'வீட்டிலேயே தங்கு' என்று அன்போடு கூப்பிடுவார்கள், நாமும் நெகிழ்ந்து சரி என்போம், பதிவை இருவரும் மறப்போம். பிறகு அதிகாரி வந்தால் சங்கடம் அவருக்கு. வீட்டுக்காரரோடு கடவுச்சீட்டு, விசாப் பக்கம், நுழைவு முத்திரை நகல்களை எடுத்துக்கொண்டு பாய்-ச்சு-சுவோ, அதாவது உள்ளூர்க் காவல் நிலையம் போனால் அரை மணி வேலை.

சிறிய விடுதிகளில் பதிவு முறை தெரியாமல் 'வெளிநாட்டவரை எடுப்பதில்லை' என்று சொல்வதும் நடக்கிறது. முன்பதிவு செய்ததும் ஒரு செய்தி அனுப்பி உறுதிசெய்யுங்கள். மாலை ஏழு மணிக்கு மழையில் பெட்டியோடு நின்றால் பேரம் பேசும் தெம்பு இருக்காது.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை: 'வோ ச்சி சு' என்றால் நான் சைவம். அதைச் சொன்ன பிறகும் கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்கித் தருவார்கள். அது அவர்களுக்கு எண்ணெய், இறைச்சி இல்லை. 'பன்றி எண்ணெய் வேண்டாம்' என்பதையும் எழுதிவைத்துக் காட்டுங்கள். அந்த ஊர்ப் புளிப்பு ரசத்தின் வெள்ளை வகைக்கு அடிப்படை அரிசி கழுவிய நீரைப் புளிக்க வைத்ததுதான். மீன் போடுவதற்கு முன் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தேன், நீராகாரத்துக்கு மிளகாய் போட்டதுபோல் இருந்தது.

8. பட்டறையில்

முன்பே பேசிக்கொள்ள வேண்டியவை ஐந்து: எத்தனை நாள், துணியும் மெழுகும் கட்டணத்துக்குள் அடங்குமா, எத்தனை முறை சாயத்தில் முக்கலாம், கருநீலம் வரை போகலாமா, மெழுகு எடுப்பது யார் வேலை. கடைசிக் கேள்வியைக் கேட்கத் தவறியதால்தான் இட்லிக் குண்டான் போயிற்று.

தொடர்பு கிடைக்க நான் செய்தது எளியது. குய்யாங்கில் மாகாண அருங்காட்சியகத்துக்குப் போனேன். அனுமதி இலவசம், கடவுச்சீட்டு வேண்டும், திங்கட்கிழமை விடுமுறை. அங்கே எந்த வட்டாரத்தின் கோலம் எது என்று பார்த்துக்கொண்டு, தான்சாய் போய் இரண்டு மூன்று பட்டறைகளில் ஏறி இறங்கினேன். ஆன்லைனில் முன்பதிவு செய்தது ஒன்று, நேரில் பார்த்துப் பிடித்துப்போனது வேறொன்று. முன்பணம் முழுதையும் கட்டாதீர்கள்.

நடுத்தர வயதுப் பெண்களை 'ஆயி' என்று கூப்பிடலாம், அத்தை சித்தி என்பதுபோல. நம் ஊரில் சில பக்கம் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று சொன்னேன், என் ஆசிரியைக்கு அடக்க முடியாத சிரிப்பு. மேலே சட்டை பழையதாக இருக்கட்டும். நகத்தில் ஏறிய நீலம் இரண்டு வாரம் போகாது. வேலை செய்பவரைப் படமெடுக்குமுன் கேளுங்கள். குடும்பத்துக் கோல முறையை நெருக்கமாகப் படமெடுத்து ஊர் திரும்பி அச்சடித்து விற்பவர்கள் ஏற்கெனவே போய்வந்திருக்கிறார்கள், அதனால் சிலர் மறுப்பார்கள். அவர்கள் மறுப்பது நியாயம்தான்.

9. வாங்கும்போது ஏமாறும் மூன்று இடங்கள்

ஒன்று, அச்சுத் துணி. திரையில் அச்சடித்ததை மெழுகுச் சாயம் என்று விற்கிறார்கள். புரட்டிப் பாருங்கள், கையால் செய்ததில் சாயம் இரு பக்கமும் ஏறியிருக்கும், அச்சில் பின்பக்கம் வெளிறியிருக்கும். மெழுகு வெடித்த இடத்தில் மெல்லிய நீல நரம்புகள் ஓடும். அதைச் சீனத்தில் பனிவிரிசல் என்கிறார்கள். ஒரே விரிசல் இரண்டு துணியில் ஒரே இடத்தில் இருந்தால் அது அச்சு. நல்ல கைக்காரர் துணியில் விரிசல் குறைவாகவே இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விரிசல் அதிகமென்றால் அசல் என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மை.

இரண்டு, 'மியாவ் வெள்ளி'. இந்தப் பெயரில் சுற்றுலாத் தெருவில் விற்பது பெரும்பாலும் நிக்கல் கலந்த வெண்செம்பு. பெயர் பொய்யில்லை, மியாவ் பாணியில் செய்தது என்று வாதாடுவார்கள். வெள்ளி வேண்டுமென்றால் 925, 990, 999 முத்திரையைப் பாருங்கள். எடை போட்டு, கிராம் விலையும் கூலியும் தனித்தனியாக எழுதிய ரசீது வாங்குங்கள். நம் ஊர் நகைக்கடையில் எப்படி நடந்துகொள்வீர்களோ அப்படியே. திரும்பும்போது இந்தியச் சுங்கத்தில் நகைக்கான வரிச்சலுகை ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத்தான், பத்து நாள் பயணிக்கு இல்லை. பெரிய தலையணி, மார்புக் கவசமெல்லாம் வாங்குவதாக இருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது, யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. சந்தையில் பாட்டிகளின் பழைய பூத்தையல் சட்டை, முதுகில் குழந்தை கட்டும் துணி என்று விரித்திருப்பார்கள். பார்த்தால் கை விடாது. ஆனால் சீனச் சட்டப்படி 1966-ஆம் ஆண்டு வரை செய்யப்பட்ட, சிறுபான்மை இனக்குழுக்களின் பண்பாட்டைச் சொல்லும் முக்கியமான பழம்பொருட்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. பொதுவான பழம்பொருளுக்கு முக்கிய எல்லை 1949, அதிலும் 1911 வரையிலானது எதுவும் போகக் கூடாது; இவர்களுடையதற்கு எல்லை 1966. விற்பவர் 'நூறு வருடப் பழசு' என்று பெருமையாகச் சொன்னால், அவர் பொய் சொன்னால் உங்கள் பணம் போகிறது, உண்மை சொன்னால் பொருள் விமான நிலையத்தில் போகிறது. பழசு வாங்காதீர்கள். அதே பெண்ணின் மகள் இப்போது தைக்கும் புதியதை வாங்குங்கள், தேதியும் விலையும் எழுதிய ரசீதோடு. பேரம் பேசுங்கள், ஆனால் மாதக்கணக்கில் தைத்ததைப் பாதி விலைக்குக் கேட்காதீர்கள்.

10. எனக்கு ஆன செலவு

இரண்டாம் பயணம், பத்து இரவு, தனியாள். அறை ஒரு இரவுக்கு 150 வீதம் 1,500 யுவான். சாப்பாடு 700. குவாங்சோ போக வர ரயில் 600. பட்டறை நான்கு நாள், துணியும் சாயமும் சேர்த்து 1,000. இரண்டு நாள் வாடகை வண்டி 900. சிற்றூர்ப் பேருந்தும் நுழைவுக் கட்டணமும் 300. மொத்தம் 5,000 யுவான். ஒரு யுவானுக்கு 12, 13 ரூபாய் வைத்துப் போட்டால் 60,000 முதல் 65,000 ரூபாய். விமானமும் விசாவும் இதற்கு மேல். வாங்கிய பொருட்களை இதில் சேர்க்கவில்லை, வீட்டில் படிக்கிறார்கள்.

வாடகை வண்டியை இருவர் பகிர்ந்தால் நன்றாகக் குறையும். பட்டறைக் கட்டணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், மலிவாகப் பார்த்தால் அந்த ஒரு மணி நேரக் கைக்குட்டைக்கே திரும்பி வருவீர்கள்.

11. துணியைப் பெட்டியில் வைக்கும்போது

மெழுகு முழுதும் போயிற்றா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மிச்சமிருந்தால் அந்த இடம் விறைப்பாக, கொஞ்சம் கருத்துத் தெரியும். இன்னொரு கொதி கேளுங்கள், முகம் சுளிக்கமாட்டார்கள். முழுதாக உலராத துணியைப் பிளாஸ்டிக்கில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். நாளிதழில் சுற்றி உருட்டிவையுங்கள், மடிக்காதீர்கள். மெழுகுக் கத்தி வாங்கினால் கைப்பையில் வைக்க வேண்டாம், பெயருக்குக் கத்தி என்பதால் சோதனையில் பேச்சு வளரும். சாயச் சேற்றை ஆசையாக டப்பாவில் கொண்டுவர நினைத்தேன், ஆசிரியையே வேண்டாமென்று தலையாட்டினார். வழியில் வெடித்தால் பெட்டி முழுதும் நீலம்.

வீட்டில் முதல் சில அலசலுக்குத் தண்ணீர் நீலமாகத்தான் ஓடும், சாயம் போலி என்று பயப்படாதீர்கள். பச்சைத் தண்ணீரில் தனியாக அலசி நிழலில் உலர்த்துங்கள். அப்பாவின் வெள்ளை வேட்டியோடு மட்டும் சேர்த்து ஊறவைத்துவிடாதீர்கள்.